கட்டடம் கட்டும்போது அரசு வந்து பார்க்கவேண்டுமா, வேண்டாமா?

கேள்வி, 11 ஆகஸ்ட் 2024

2500 சதுர அடிக்குள் மனை, 3500 சதுர அடிக்குள் வீடு, தரைத்தளமும் ஒரு மாடியும் என்றால் இனி யாரும் வந்து பார்க்கவேண்டியதில்லை. நாமே உறுதிமொழி கொடுத்து இணையத்தில் ஏற்றினால் உடனே அனுமதி. போன மாதம்தான் தமிழ்நாட்டில் தொடங்கிவைத்தார்கள். இதை ஏன் எல்லாக் கட்டடத்துக்கும் கொண்டுவரக்கூடாது? அதிகாரி வந்து பார்த்து இதுவரை என்ன நடந்தது, கவர் கைமாறியதைத் தவிர?

11 ஆகஸ்ட் 2024, இரவு

கவர் விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. 2011ல் போரூர் தாண்டி வீடு கட்டினேன். மூன்று முறை ஆள் வந்தார். மூன்று முறையும் டேப்பை வீட்டுக்கு வெளியேதான் பிடித்தார். முன்னால் எத்தனை அடி விட்டிருக்கிறது, பக்கத்தில் எத்தனை, உயரம் எவ்வளவு. உள்ளே கம்பி எட்டு எம்எம்மா பத்து எம்எம்மா, கலவையில் சிமென்ட் எவ்வளவு, அஸ்திவாரத்துக்கு பூட்டிங் எத்தனை அடி ஆழம், ஒன்றும் கேட்கவில்லை. காபி குடித்தார், மேஸ்திரியிடம் சொந்த ஊர் எது என்று விசாரித்தார், போய்விட்டார்.

அவர் வந்ததில் எனக்குக் கோபம் இல்லை. இடிந்துவிழாத இடத்தையே அளந்துவிட்டுப் போனாரே, அதில்தான்.

எங்கள் போரூர் பக்கத்து மவுலிவாக்கம் ஞாபகம் இருக்கிறதா? 2014 ஜூன் 28, சனிக்கிழமை சாயங்காலம், நல்ல மழை. கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. 61 பேர் செத்தார்கள். அது யாருக்கும் தெரியாமல் ராத்திரியில் கட்டிய கட்டடம் இல்லை. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) அனுமதி இருந்தது. அனுமதியெல்லாம் முறைப்படிதான் கொடுத்தோம், கட்டியதில்தான் கோளாறு என்பது அரசுத் தரப்பு சொன்ன விளக்கம். அனுமதி தனி, கட்டடம் தனி என்று பிரித்துப் பேச முடிகிறது என்றால், அந்த அனுமதிக்கு அர்த்தம் என்ன?

ஆக, ‘வந்து என்ன நடந்தது’ என்று நீங்கள் கேட்பது நியாயம். ‘அதனால் வரவே வேண்டாம்’ என்பதைத்தான் என்னால் ஏற்கமுடியவில்லை.

12 ஆகஸ்ட் 2024

கீழே ஒருவர் ‘மார்க்கெட்டே பார்த்துக்கொள்ளும், மோசமாகக் கட்டுபவனிடம் யாரும் வாங்கமாட்டார்கள்’ என்று எழுதியிருக்கிறார். கத்திரிக்காய்க்கு அது சரி. சொத்தை என்றால் அடுத்த வாரம் வேறு கடை. ஆயுளில் ஒருமுறை வாங்கும் வீட்டுக்கு அடுத்த வாரம் எங்கிருந்து வரும்?

14 ஆகஸ்ட் 2024

மவுலிவாக்கத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். அந்த வாரம் முழுக்க எங்கள் பக்கம் ஆம்புலன்ஸ் சத்தம்தான். செத்தவர்களில் நிறையப் பேர் ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த கூலித் தொழிலாளர்கள். டீக்கடையில் பேச்சு என்னவாக இருந்தது தெரியுமா? ‘அங்கே பிளாட் புக் பண்ணினவங்க பணம் என்ன ஆகும்?’ நானும் அதைத்தான் பேசினேன். என் ஆபீஸ் நண்பர் ஒருவர் அந்தப் பக்கத்தில் முன்பணம் கொடுக்க இருந்தார், மயிரிழையில் தப்பித்தார் என்று நாலு நாள் அவரைக் கொண்டாடினோம். சாந்து சட்டி சுமந்தவர்களின் கணக்கு பேப்பரில் எண்ணிக்கையாக வந்தது, அவ்வளவுதான்.

பக்கத்தில் இன்னொரு கட்டடம் அதே மாதிரி நின்றது. அடுத்த வருடமே வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள்.

20 ஆகஸ்ட் 2024

திருத்தம். ‘அடுத்த வருடமே’ என்று எழுதியது தவறு. வீட்டுக்காரம்மா படித்துவிட்டு, ‘அது நோட்டு செல்லாதுன்னு சொன்னதுக்கு முந்தின வாரம், மறந்துட்டீங்களா’ என்றாள். அவள் சொன்னதுதான் சரி. 2016 நவம்பர் 2. இரண்டு வருடத்துக்கு மேல் அந்தக் கட்டடம் அப்படியே நின்றிருக்கிறது, சுற்றி இருந்தவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே தூங்கியிருக்கிறார்கள். நான் எழுதிய ‘அடுத்த வருடமே’யில் அந்த இரண்டு வருடத்தை முழுங்கிவிட்டேன்.

அன்று மாலை எங்கள் மொட்டைமாடியில் பத்துப் பதினைந்து பேர் நின்றோம். சில நொடிதான், அப்புறம் தூசி. கைதட்டினோம். எதற்குத் தட்டினோம் என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது.

8 செப்டம்பர் 2024

‘ரெரா வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதே’ என்று கேட்டவருக்கு.

வீடு கட்டி விற்பவர்களைக் கட்டுப்படுத்த வந்த நல்ல சட்டம்தான், நான் குறைசொல்லமாட்டேன். வாங்குபவர்கள் கொடுக்கும் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்கவேண்டும், அந்தத் திட்டத்தின் நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும்தான் எடுக்கலாம். சாவி கொடுத்து ஐந்து வருடத்துக்குள் கட்டமைப்பில் குறை தெரிந்தால் கட்டியவர் 30 நாளில் சொந்தச் செலவில் சரிசெய்யவேண்டும். கார்பெட் ஏரியா (வீட்டுக்குள் நாம் புழங்கும் இடம்) என்றால் இதுதான் என்று ஒரே அளவு. அதற்கு முன் சூப்பர் பில்டப் என்று சொல்லி லிஃப்ட் குழியையும் வாட்ச்மேன் நாற்காலி போடும் இடத்தையும் நம் தலையில் கட்டினார்கள்.

ஆனால் நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டாவிட்டாலோ, வீடுகள் எட்டைத் தாண்டாவிட்டாலோ ரெராவில் பதிவு வேண்டாம். 500 சதுர மீட்டர் என்றால் இரண்டு கிரவுண்டுக்கு (ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி) மேல் கொஞ்சம். எங்கள் பக்கம் சந்துக்குச் சந்து முளைப்பது எல்லாமே இரண்டு கிரவுண்டு, எட்டு வீடு. ஒன்பதாவது வீட்டை எங்கள் ஏரியாவில் நான் பார்த்ததே இல்லை. எட்டோடு நிறுத்துவதில் நம் பில்டர்களுக்கு இருக்கும் ஒழுக்கத்தைக் கான்கிரீட்டுக்குத் தண்ணீர் ஊற்றுவதிலும் காட்டியிருக்கலாம்.

9 செப்டம்பர் 2024

தண்ணீர் என்று சொன்னதும் ஒருவர் ‘தண்ணீர் அதிகமானால் நல்லதுதானே, நன்றாக ஓடும்’ என்கிறார். ஐயா, இதுதான் எல்லா மேஸ்திரியும் சொல்வது. ஓடும், வேலை சீக்கிரம் முடியும், சித்தாளுக்குக் கை வலிக்காது. ஆனால் காய்ந்ததும் தண்ணீர் நின்ற இடமெல்லாம் நுண்ணிய ஓட்டை. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456. அதன் அட்டவணையில் எம் 20 என்ற தரக் கலவைக்கு 50 கிலோ மூட்டைக்கு அதிகபட்சம் 30 லிட்டர். எங்கள் வீட்டில் ஊற்றியது பக்கெட் கணக்கு. அந்தப் பக்கெட் எத்தனை லிட்டர் என்று நான் கேட்கவில்லை. மேஸ்திரிக்கும் தெரிந்திருக்காது.

கான்கிரீட் இறுகிய பிறகு அதை நனைத்துவைக்கத் தண்ணீர் விடவேண்டிய பத்து நாள் இருக்கிறதே, அப்போது யாரும் ஊற்றமாட்டார்கள்.

3 அக்டோபர் 2024

‘தனியார்தான் திருடன், அரசே கட்டினால் இந்தப் பிரச்சினை வராது’ என்று எழுதியவர் புளியந்தோப்பு கே.பி. பார்க்கை மறந்துவிட்டார். குடிசைமாற்று வாரியம் கட்டிய அடுக்குமாடி. 2021 ஆகஸ்டில் அங்கே குடிவந்தவர்கள் சுவரை விரலால் சுரண்டினார்கள், பூச்சு கையோடு வந்தது. அதை டிவியில் எல்லோரும் பார்த்தோம். அப்புறம் ஐஐடியை வைத்து ஆய்வு, இன்ஜினியர்கள் சஸ்பெண்ட்.

கவனியுங்கள், கண்டுபிடித்தது ஆய்வாளர் இல்லை. அங்கே வாழவேண்டிய ஒரு குடும்பத்தின் விரல். அரசே கட்டி, அரசே பார்த்து, அரசே பில் பாஸ் செய்த இடத்தில் எந்த மேசையிலும் அந்த விரல் இல்லை.

சஸ்பெண்ட் செய்ததும் எல்லோருக்கும் திருப்தி. எனக்கும்தான். பூச்சு விழுந்தது கண்ணுக்குத் தெரிந்தது, அதனால் நடவடிக்கை. உள்ளே துருப்பிடிக்கும் கம்பி இருபது வருஷம் கழித்துத்தான் சத்தம் போடும். அதற்குள் எல்லோரும் ரிட்டயர் ஆகிவிடுவார்கள்.

27 அக்டோபர் 2024

கொஞ்ச நாளாக ஒன்றை எழுதவேண்டும் என்று இருந்தேன். முதல் குறிப்பில் ‘மூன்று முறை ஆள் வந்தார்’ என்று பெரிய யோக்கியன் மாதிரி எழுதினேன். அவர் ஏன் மூன்று முறை வந்தார் என்று எழுதவில்லை.

வரைபடத்தில் பக்கவாட்டில் 5 அடி விடவேண்டும் என்று இருந்தது. நான் விட்டது 3 அடி. என் மனை 1800 சதுர அடி. அன்றைக்கு எஃப்எஸ்ஐ (மனையைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு) 1.5, அதாவது 2700 சதுர அடி கட்டலாம். நான் கட்டியது 3100. மாடியில் மகளுக்கு ஒரு அறை, அம்மாவுக்குக் கீழே ஒரு பாத்ரூம், இப்படித்தான் வளர்ந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் கட்டுவதில்லை. கவர் கொடுத்தது நான்தான். கேட்டார், கொடுத்தேன் என்று கூடச் சொல்லமுடியாது. அவர் கேட்பதற்கு முன்பே மேஸ்திரி என்னிடம் ‘எவ்வளவு சார் ரெடி பண்ணட்டும்’ என்று கேட்டு, நான் ஒரு தொகை சொல்லியிருந்தேன்.

2019ல் புது விதிகள் வந்தன, எஃப்எஸ்ஐ 2 ஆனது. என் குற்றத்தில் பாதி தானாகவே நியாயமாகிவிட்டது. மீதிப் பாதி இன்னும் பக்கத்துச் சுவரோரம் நிற்கிறது.

27 அக்டோபர் 2024, சிறிது நேரம் கழித்து

இன்னும் இருக்கிறது. அதே 2019ல் பக்கத்து இரண்டு கிரவுண்டில் எட்டு வீடு (வேறு எத்தனை இருக்கும்?) கட்ட ஆரம்பித்தார்கள். ஜேசிபி வைத்துத் தோண்டினார்கள். மண்ணுக்குத் தடுப்பு எதுவும் வைக்கவில்லை. மூன்றாம் நாள் என் காம்பவுண்டு சுவரில் கோடு விழுந்தது, ஐந்தாம் நாள் அந்தக் கோட்டுக்குள் ஒரு ரூபாய்க் காசு போனது. நேராகச் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் போனேன். வாழ்க்கையில் முதன்முறையாக அரசு வந்து பார்க்கவேண்டும் என்று நான் மனதார விரும்பினேன்.

அங்கே இருந்தவர் புகாரை வாங்கிப் படித்தார். மரியாதையாகத்தான் பேசினார். ‘நாளைக்கே வர்றோம் சார். உங்க வீட்டு அப்ரூவல் பிளானையும் எடுத்து வச்சிருங்க, எல்லை பார்க்கணும்ல.’

வீட்டுக்கு வந்து சிமென்ட் பூசிக்கொண்டேன்.

28 அக்டோபர் 2024

திட்டியவர்களுக்கு நன்றி, எதிர்பார்த்ததுதான். ஆனால் திட்டியவர்களில் மூன்று பேர், வரைபடப்படிதான் கட்டியிருக்கிறோம் என்று எழுதவில்லை என்பதையும் பார்த்தேன்.

‘அபராதம் கட்டி வரன்முறை செய்துகொள்ளவேண்டியதுதானே’ என்ற யோசனைக்கு: அந்தக் கதை பெரியது. 1998ல் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். 1999 பிப்ரவரி 28க்குள் கட்டியவற்றுக்கு ஒரே ஒருமுறை மன்னிப்பு. அப்புறம் நீட்டித்தார்கள், மறுபடி நீட்டித்தார்கள். 2006ல் உயர் நீதிமன்றம் முதல் மன்னிப்பை விட்டுவைத்து நீட்டிப்புகளை ரத்து செய்தது. அப்புறம் 113-சி, 2007 ஜூலை 1க்கு முந்தைய கட்டடங்களுக்கு. என் வீடு நாலு வருஷம் லேட். ஒவ்வொரு தேர்தலுக்கும் ‘இந்தமுறை வரன்முறை வருமாம்’ என்று எங்கள் தெருவில் பேச்சு வரும். யார் ஜெயிப்பார்கள் என்பதைவிட அதைத்தான் கவனமாகக் கேட்போம்.

மக்கள் கருத்து மக்கள் கருத்து என்கிறோமே, அது இதுதான். 2017 மே 31ல் தி.நகர் தெற்கு உஸ்மான் சாலையில் துணிக்கடைக் கட்டடம் தீப்பிடித்து எரிந்தபோது, அனுமதிக்கு மேல் மாடி கட்ட எப்படி விட்டார்கள் என்று ஊரே கேட்டது. தீபாவளிக்கு அதே தி.நகரில்தான் துணி எடுத்தோம். எத்தனை மாடிக்கு அனுமதி என்று எந்தக் கடை வாசலிலும் கேட்கவில்லை, தள்ளுபடி எத்தனை சதவீதம் என்றுதான் கேட்டோம்.

20 டிசம்பர் 2024

மூன்று நாளுக்கு முன், 17ஆம் தேதி, உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. வழக்கு மீரட்டில் ஒரு கட்டடத்தைப் பற்றியது, ஆனால் உத்தரவு நாடு முழுக்க. வரைபடப்படி கட்டி முடித்ததற்கான முடிவுச் சான்று பார்த்துத்தான் மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்பு. வங்கியும் சான்றைப் பார்த்துத்தான் கடன் கொடுக்கவேண்டும். விதிமீறலுக்குத் துணைபோன அதிகாரி மேலும் நடவடிக்கை.

காலையில் குடியிருப்போர் சங்க வாட்ஸ்அப்பில் யாரோ இதைப் போட்டார்கள். 40 பேர் கைதட்டல் பொம்மை போட்டார்கள். மதியம் அதே குழுவில் ஒருவர்: ‘மாடியில ஷீட் போட்டு ஒரு ரூம் எடுக்கலாம்னு இருக்கேன், நல்ல வெல்டர் இருந்தா சொல்லுங்க.’ ஏழு நம்பர் வந்தது. ஒன்று நான் கொடுத்தது.

நம் ஊரில் சிறிய வீடுகளுக்கு முடிவுச் சான்றே வேண்டாம் என்று விலக்கு இருப்பதை இந்தத் தீர்ப்போடு எப்படிப் பொருத்துவார்கள் என்று பார்க்கவேண்டும்.

12 ஜனவரி 2025

முதல் கேள்வி கேட்டவர் எங்கே போனார் என்று தெரியவில்லை. அவருக்கு ஒரு செய்தி. அவர் சொன்ன திட்டத்திலேயே இப்போது என் தங்கை வீடு கட்டுகிறாள், கூடுவாஞ்சேரி பக்கம். 1200 சதுர அடி மனை, கீழும் மேலும். அனுமதி உண்மையிலேயே உடனே வந்துவிட்டது. மாப்பிள்ளை போனைக் காட்டிச் சிரித்தார். ‘மச்சான், ஒரு ஆளுக்கு ஒரு டீ கூட வாங்கிக் கொடுக்கல.’ அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. நான் அலைந்த மூன்று மாதத்தை நினைத்தேன், வயிறு எரிந்தது.

ஆகஸ்டில் உங்களோடு வாதாடியதில் இந்த ஒரு இடத்தை விட்டுக்கொடுக்கிறேன். வெளியே டேப் பிடிக்க ஆள் தேவையே இல்லை. அந்த ஆளைக் கம்பி கட்டி முடித்த அன்றைக்கு, கான்கிரீட் ஊற்றுவதற்கு முந்தின நாள் அனுப்பட்டும். ஒரு கட்டடத்தில் உண்மை தெரிவது அந்த ஒரு நாள்தான். மறுநாள் மதியத்துக்குள் மூடிவிடும்.

19 ஜனவரி 2025

நேற்று ரூஃப் கான்கிரீட். முந்தின நாளே போய்விட்டேன், என்னோடு ரிட்டயர்டு இன்ஜினியர் ஒருவர், என் நடைப்பயிற்சித் தோழர். மேஸ்திரிக்கு எங்களைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

முதலில் கவர் பிளாக், கம்பியைத் தூக்கிப்பிடிக்க அடியில் வைக்கும் சின்ன சிமென்ட் கட்டை. கம்பிக்கும் சென்ட்ரிங் பலகைக்கும் நடுவே ரூஃபுக்கு 20 எம்எம் இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் கம்பி அடியில் ஒட்டிக்கொண்டு, நாலு மழையில் துருப்பிடித்து, பூச்சைத் தள்ளும். மேஸ்திரி ஜல்லியை வைத்திருந்தார். சில இடத்தில் செங்கல் துண்டு, ஓர் இடத்தில் பலகைத் துண்டு. கேட்டால் ‘முப்பது வருஷமா இப்படித்தான் சார், ஒண்ணும் விழல’ என்றார். கடையில் போய் ஒரு பை கவர் பிளாக் வாங்கிவந்தோம். வைக்க ஒன்றரை மணி நேரம். மாப்பிள்ளைக்கே பொறுமை போய்விட்டது.

அப்புறம் கியூப். 15 சென்டிமீட்டர் அச்சில் கான்கிரீட்டை எடுத்து வைத்து, 28 நாள் கழித்து உடைத்துப் பார்ப்பது. மேஸ்திரி சொன்னார்: ‘இன்ஜினியர் வந்தா கியூப் போடுவோம் சார், வராட்டி இட்லிதான்.’ எல்லோரும் சிரித்தோம். தண்ணீர் பக்கெட்டைத் தூக்கியவரை நண்பர் தடுத்தபோதுதான் சிரிப்பு நின்றது.

அங்கே தலையில் சட்டி சுமந்த அம்மாவிடம் கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டை இருக்கிறதா என்று கேட்டேன். ‘எடுத்தேன்பா, எங்க வச்சேன்னு தெரியல. புதுப்பிக்கணுமாம்.’ கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம் இவர்களுக்கு என்றே வசூலாகிறது, 1996லேயே அதற்குச் சட்டம் வந்தது. வசூல் ஆகிற இடத்துக்கும் இந்த அம்மாவின் டிரங்குப் பெட்டிக்கும் நடுவில் ஒரு புதுப்பித்தல் நிற்கிறது. கம்பி கட்டியவர்கள் பீகார் பையன்கள், அவர்களுக்கு அப்படி ஒரு அட்டை இருப்பதே தெரியாது. ஹெல்மெட் ஒன்று இருந்தது. அதில் ஆணி போட்டுவைத்திருந்தார்கள்.

20 ஜனவரி 2025

‘நீங்களே போய்ப் பார்த்துவிட்டீர்கள், அப்புறம் அரசு எதற்கு’ என்று கேட்கிறார்கள். எனக்கு ஓர் இன்ஜினியர் நண்பர் இருக்கிறார், சனிக்கிழமை ஓய்வு இருக்கிறது, தங்கை மேல் அக்கறை இருக்கிறது. அடுத்த மனையில் கட்டுபவர் துபாயில் இருக்கிறார், வீடியோ காலில் ரூஃபைப் பார்க்கிறார். அவருக்கு மேஸ்திரி கேமராவை எந்தப் பக்கம் திருப்புகிறாரோ அதுதான் வீடு.

17 பிப்ரவரி 2025

கியூப் உடைத்தாயிற்று. எம் 20க்கு சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் பலம் வரவேண்டும். மூன்றும் 23க்கு மேல். மேஸ்திரிக்குப் போன் செய்து சொன்னேன். ‘நான்தான் சொன்னேனே சார்’ என்றார்.

நேற்று அங்கே போயிருந்தேன். மேல்மாடிக்குச் சுவர் எழும்புகிறது. மாப்பிள்ளை பின்பக்கம் ஓர் இடத்தைக் காட்டினார், வரைபடத்தில் அது காலி. ‘இங்க ஒரு சின்ன பூஜை ரூம் மட்டும், ரெண்டரை அடிதான் வெளியே வரும். யாரும் வந்து பார்க்கப்போறதில்லையே மச்சான்.’ அளந்து பார்ப்போமா என்று டேப்பை என் கையில் கொடுத்தார். நான் ஒரு முனையைப் பிடித்தேன்.

இரண்டடி ஒன்பது அங்குலம் வந்தது. தங்கை காபி கொண்டுவந்தாள், பேச்சு கதவு மரத்துக்குப் போய்விட்டது. வேங்கையா தேக்கா என்று முடிவாகவில்லை. கூடுவாஞ்சேரி பக்கம் நல்ல மரக்கடை தெரிந்தவர்கள் எழுதுங்கள்.